வேம்புலி வாங்கிய சார்ஜ்

சார்ஜ் என்கிற வார்த்தையை யாராவது என் எதிரில் சொன்னால் எனக்கு வாயில் எச்சில் ஊறும். துப்புவதற்காக. பஸ் சார்ஜ் என்று சொன்னாலும் அப்படித்தான், பேட்டரி சார்ஜ் என்று சொன்னாலும் அப்படித்தான். காரணம் வேம்புலி.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். திருமுல்லைவாயிலில் அடுத்தவன் வயலில் நாற்றுப் பிடுங்கிய குடும்பம். அம்பத்தூர் எஸ்டேட்டில் எந்தக் கம்பெனி வாசலில் மூட்டை தூக்கினேனோ, அதே வாசலில் என் சொந்த மெட்டடார் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். தொண்ணூறாம் வருஷம் எனக்கு மூன்று வண்டி ஓடியது. கை கொடுத்துத் தூக்கிவிட்டவன் ஒருத்தனும் கிடையாது. யாராவது எனக்குப் பட்டம் கொடுக்க வந்தால், 'பட்டத்தை நீயே வெச்சிக்க, வாடகையைக் குடு' என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். வேம்புலிக்கு அந்தப் புத்தி இல்லை.

அவனும் எங்கள் தெருவில் பிறந்தவன்தான். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். கறுத்து, ஒல்லியாக, எப்போதும் குளித்துவிட்டு வந்தவன் மாதிரி எண்ணெய் வழிகிற முகம். எஸ்டேட்டில் ஒரு ஸ்பிரிங் கம்பெனியில் உலை ஓட்டினான். கம்பெனியின் பெயர் வேண்டாம். அதை எழுதி என் பேனாவை அசிங்கப்படுத்திக்கொள்ள நான் தயாராக இல்லை. ஸ்பிரிங்குகளைத் தட்டில் அடுக்கி உலைக்குள் தள்ள வேண்டும், பழுக்க வேண்டும், எடுத்து எண்ணெய்த் தொட்டியில் முக்க வேண்டும். உலைக்குள் போகிற அந்தத் தட்டுச் சரக்குக்கு அவர்கள் சார்ஜ் என்று பெயர் வைத்திருந்தார்கள். "இன்னும் ரெண்டு சார்ஜ் கீது, முடிச்சிட்டு வந்துர்றேன்" என்பான். வார்த்தை அவனுக்கு முதலில் பழக்கமானது அப்படித்தான்.

எண்பத்தொன்றில் அங்கே இருந்த சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போனார். புது ஆள் போட்டால் புதுச் சம்பளம் போட வேண்டும். மேனேஜர் வேம்புலியைக் கூப்பிட்டு ஒரு சாவிக்கொத்தை அவன் கையில் வைத்து, "இனிமே இந்த செக்ஷனுக்கு நீதாம்பா இன்சார்ஜ்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான் சடங்கு. சம்பளம் அதே. மஸ்டர் பதிவேட்டில் பெயருக்கு நேரே ஆபரேட்டர் என்பதும் அதே.

அன்று சாயந்திரம் அவன் என் வீட்டுக்கு வந்து நின்ற நிலை இருக்கிறதே, மாப்பிள்ளை கெட்டான்.

"அண்ணாத்தே, நான் இன்சார்ஜ் ஆயிட்டேன்."

"இன்னா ஏத்திக் குடுத்தாங்க?"

"ஏத்திக் குடுக்கறது கெடக்கட்டும். ஆறு பேரு என் கையிக்குக் கீழ கீறாங்க."

"ஆறு பேரு கீழ கீறான், சரி. உன் சோத்துத் தட்டுல இன்னா கீது?"

"உனக்கு எல்லாத்துலயும் துட்டுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். எனக்கு எல்லாவற்றிலும் துட்டுதான். மூன்று வண்டி சும்மா வந்துவிடவில்லை.

அவன் வீட்டுச் சுவரில், கதவுக்குப் பக்கத்தில், பச்சைப் பெயிண்டில் 'வேம்புலி, இன்சார்ஜ்' என்று எழுதிவைத்தான். மகளுக்குக் காது குத்தினபோது பத்திரிகையில் அழைப்பவர் பெயரோடு இன்சார்ஜ் என்று அச்சடித்தான். தபால்காரர் ஒருநாள் அவன் மனைவி பொன்னியம்மாவிடம், "இன்சார்ஜ்ங்கிறது உங்க மாமனார் பேரா?" என்று கேட்டுவிட்டார். தெருவே சிரித்தது. பொன்னியம்மா சிரிக்கவில்லை. அவள் எதிர்வீட்டு வாசலில் நின்று சொன்னாள்: "காலையில போனா ராத்திரிதான் ஊட்டுக்கு வர்றாரு. ஞாயித்துக்கெழமையும் சாவியத் தூக்கிகினு ஓடறாரு. பேருல ஒரு இன்சார்ஜ் கூட இல்லாங்காட்டி எப்டி?"

வருஷா வருஷம் ஆயுதபூஜை முடிந்ததும் அவன் மேனேஜரிடம் போய் நிற்பான். ஒரே கோரிக்கை. "சார், இன்சார்ஜ்னு ஒரு பேப்பர் குடுங்க." சம்பளம்கூடக் கேட்க மாட்டான், பேப்பர் கேட்பான். மேனேஜர் அவன் தோளைத் தட்டி, "இன்சார்ஜ்ங்கறது போஸ்ட் இல்லப்பா வேம்புலி. அது நம்பிக்கை. நம்பிக்கைக்குப் பேப்பர் கேப்பியா?" என்பாராம். இவன் அதை என்னிடம் வந்து பெருமையாகச் சொல்லுவான். ஒன்பது வருஷம் இந்த நம்பிக்கையைத் தின்றுகொண்டு உலை வாயில் நின்றான்.

தொண்ணூறாம் வருஷம் உலையின் சூடு காட்டுகிற மீட்டரின் முள் ஒரே இடத்தில் நின்றுபோனது. வேம்புலி சொன்னான். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. "உன் கண்ணே மீட்டர்தானே, நீ இன்சார்ஜ் ஆச்சே, கலரைப் பாத்து ஓட்டு" என்றார் மேனேஜர். பொய் சொல்லக் கூடாது, வேம்புலிக்கு அந்தக் கண் உண்டு. பழுத்த இரும்பின் நிறத்தைப் பார்த்துச் சூடு சொல்லிவிடுவான். மூன்று வாரம் அப்படியே ஓட்டினான். நாலாவது வாரம் மழை ஒழுகுகிறது என்று கூரையில் பழைய ஷீட்டைக் கழற்றிவிட்டு, வெளிச்சம் வருகிற கண்ணாடி மாதிரி ஷீட் போட்டார்கள். மத்தியான வெயில் நேராக உலை வாயில் விழுந்தது. வெயிலில் நெருப்பு மங்கலாகத்தான் தெரியும். அடுப்பு ஊதுகிற எந்தப் பொம்பளைக்கும் அது தெரியும். இவன் சூடு பத்தவில்லை என்று இன்னும் ஏற்றினான். நாலு நாள் சரக்கு அத்தனையும் கருகல். வாங்கின இடத்தில் ஸ்பிரிங்கை அமுக்கிப் பார்த்தால் முறுக்கு மாதிரி உடைந்தது.

திரும்பி வந்த சரக்கை ஏற்றி வந்தது என் வண்டிதான். செவ்வாய்க்கிழமை. நானே ஓட்டிக்கொண்டு போனேன். கேட்டுக்குள் வண்டியை நிறுத்தினதும் வேம்புலி ஓடி வந்து ஒரு ஸ்பிரிங்கை எடுத்து இரண்டு விரலால் ஒடித்துப் பார்த்தான். முகம் செத்துப்போயிற்று. பின்னாலேயே வந்த மேனேஜரைப் பார்த்து அவன் கத்தினதை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன்.

"தலபாடா அட்ச்சிகினேனே சார், மீட்டர் போச்சு மீட்டர் போச்சுன்னு! எனக்குன்னு ஒரு பேப்பர் இருந்தா நானே ஸ்டோர்ல எழுதிக் குடுத்து மாத்தியிருப்பேன். வாய் வார்த்தைய எவன் மதிக்கிறான்?"

மேனேஜர் கோபப்படவில்லை. அதுதான் அசிங்கம். கோபப்பட்டிருந்தால் மனுஷன் என்று நினைத்திருப்பேன். சிரித்த முகமாக, "உனக்குப் பேப்பர்தானே வேணும்? வெள்ளிக்கிழமை தர்றேன்யா" என்றார்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் டைம் ஆபீசில் வேம்புலியைக் கூப்பிட்டு ஒரு நீளக் கவரைக் கொடுத்தார்கள். உள்ளே இங்கிலீஷில் ஒரு காகிதம். வேம்புலிக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியும், அர்த்தம் தெரியாது. உச்சியில் பெரிய எழுத்தில் இருந்த முதல் வார்த்தையைக் கூட்டினான். சார்ஜ். அதற்கு மேல் அவன் படிக்கவில்லை. வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். வெறும் கையெழுத்துப் போட்டால் மரியாதை இல்லை என்று, அதற்கு மேலே தமிழில் 'மிக்க நன்றியுடன் ஏற்றுக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான் அந்த மகா மேதாவி.

வரும்போது ஸ்டேஷன் பக்கத்தில் லட்டு வாங்கிக்கொண்டு வந்தான். தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தான். எனக்கு இரண்டு. நான் காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். எனக்கும் அந்த ஒரு வார்த்தைதான் தெரிந்தது. பேட்டரிக் கடைப் பலகையில் தினம் பார்க்கிற எழுத்து. "பார்றா, கடைசில குட்த்துட்டானே" என்று சொல்லி லட்டைத் தின்றேன். அவனுக்கு ஒரு மாலையும் வாங்கிப் போட்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மூன்றாம் வகுப்புப் படித்தவனுக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தைரியம் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஆசை முற்றியது. அந்தக் காகிதத்தைத் தமிழில் ஒரு காப்பி அடித்துக் கண்ணாடி போட்டு மாட்ட வேண்டும். முத்தாபுதுப்பேட்டையில் கஸ்தூரி டீச்சர் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தினார். திருநெல்வேலிக்காரர். வீட்டுக்காரருக்கு ஆவடி ஃபாக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸ் வாசம். என் வண்டி பில்லெல்லாம் அவர்தான் அடித்துக் கொடுப்பார். திங்கள்கிழமை வேம்புலி பர்மிஷன் போட்டுவிட்டு வர, காலையிலேயே அவனையும் பொன்னியம்மாவையும் என் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன்.

வேம்புலி டீச்சருக்கும் ஒரு லட்டைக் கொடுத்துக் காகிதத்தை நீட்டினான். டீச்சர் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது. வேம்புலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இதுக்கா லட்டு குடுத்தியோ?"

"ஏம்மா?"

"இது சார்ஜ் ஷீட்டுல்லா. குற்றப்பத்திரிகை. செக்ஷனுக்கு இவுகதான் பொறுப்பாம், இவுக அசட்டையால சரக்கு வீணாப் போச்சாம், வேலைய விட்டு ஏன் நீக்கக் கூடாதுன்னு மூணு நாளைக்குள்ள பதில் கேட்டிருக்கு. வெள்ளிக்கெழம தேதி. இன்னையோட முடியுது."

பொன்னியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். வேம்புலி மட்டும் நம்பவில்லை. "சார்ஜ்னு தானம்மா போட்டுக்கீது? நான் இன்சார்ஜ். அதுவும் சார்ஜ், இதுவும் சார்ஜ்தானே?"

டீச்சர் அலமாரியிலிருந்து செங்கல் கனத்தில் ஒரு அகராதியை எடுத்தார். ஒரு பக்கம் முழுக்க அந்த ஒரே வார்த்தை. விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னார். பொறுப்பும் சார்ஜ்தானாம். பழி போடுவதும் சார்ஜ்தானாம். கட்டணம் அதுதான், உலைக்குள் ஏற்றுகிற சரக்கும் அதுதான், போலீஸ் தடியோடு பாய்கிறதே அதுவும் அதுதான்.

"மொதல்ல இது எதுவுமே இல்லை" என்றார் டீச்சர். "லத்தீன்ல வண்டிக்கு ஒரு சொல்லு இருந்திருக்கு. நாம காருன்னு சொல்லுதோம் பாருங்க, அதுக்கும் அதான் வேரு. வண்டியில பாரம் ஏத்துததுக்குத்தான் இந்த வார்த்தை பொறந்தது. பொறவு மெல்ல மெல்ல பாரத்தை வண்டியில இருந்து எறக்கி மனுசன் தலையில வச்சுட்டாவ. வச்சவன் பொறுப்புன்னான். கீழ விழுந்தா குத்தம்னான்."

எனக்கு ஆத்திரத்தில் காது அடைத்தது. நான் ஆயுசு முழுக்க பாரம் ஏற்றினவன். வண்டி தாங்குகிற பாரம் எவ்வளவு என்று தெரியாமல் ஒரு மூட்டை அதிகம் வைத்தால் வண்டி படுத்துவிடும், படுத்தால் நஷ்டம் எனக்கு. வண்டிக்கு இருக்கிற அந்த யோகம்கூட மனுஷனுக்கு இல்லை. பேப்பர் கேட்டால் அது நம்பிக்கை, சரக்கு கெட்டால் அது குற்றம். ஒரே வார்த்தைக்குள் இரண்டையும் ஒளித்துவைத்துக்கொண்டு வாழ்கிறான்கள். இப்படிப்பட்ட வார்த்தையை எவன் கண்டுபிடித்தானோ, அவன் நிச்சயம் ஒரு மேனேஜராகத்தான் இருந்திருப்பான்.

டீச்சர் கெட்டிக்காரி. அழுகிற பொன்னியம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, மீட்டர் கதை முழுக்கக் கேட்டுக்கொண்டு மெஷினில் காகிதம் சொருகினார். "இன்சார்ஜ்னு ஒரு துண்டுச் சீட்டு உண்டுமா?" என்று கேட்டார். இல்லை. "மஸ்டர்ல என்ன போட்டிருக்கு?" ஆபரேட்டர். டீச்சர் சிரித்தார். "அப்போ தப்பிச்சியோ. பேப்பர் தராம ஏமாத்தினான்லா, அதே அவனுக்கு வெனை. நான் இன்சார்ஜ் இல்லை, வெறும் ஆபரேட்டர், மீட்டர் கெட்டதை மேல சொல்லிட்டேன், இங்கிலீஷ் தெரியாம நன்றின்னு எழுதிட்டேன். இவ்வளவுதான் பதிலு. விசாரணையில கேட்டாலும் இதையே சொல்லணும், கேட்டியளா?"

அடித்தார். வேம்புலி கையெழுத்துப் போட்டான். 'இன்சார்ஜ் இல்லை' என்று இருந்த வரிக்குப் பக்கத்தில் அவன் கட்டைவிரல் கொஞ்ச நேரம் நின்றதை நான் பார்த்தேன். அன்று சாயந்திரமே கம்பெனியில் கொடுத்துவிட்டோம்.

பதினைந்து நாள் கழித்து விசாரணைக்கு நாள் வைத்தார்கள். சரக்கைத் திரும்பக் கொண்டுவந்தவன் என்று எனக்கும் சாட்சி சொல்ல ஓலை வந்தது. என்னையே கூப்பிட்டுவிட்டார்கள் பாருங்கள். என் வண்டி இல்லாவிட்டால் அவர்கள் சரக்கு கேட்டைத் தாண்டாது, அந்தப் பயம் இருக்கட்டும் என்று வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். போகிற வழியெல்லாம் வண்டியில் வேம்புலிக்குப் பாடம் எடுத்தேன்.

"கேட்டா இன்னா சொல்லுவே?"

"நான் ஆபரேட்டர் சார்."

"இன்சார்ஜா?"

"...இல்ல சார்."

"இன்னாடா மென்னு முழுங்கறே? சத்தமா சொல்லு."

"இல்ல சார்!"

பொன்னியம்மா புறப்படும்போது சொன்னதும் அதுதான். "ஒரே ஒரு 'இல்ல'தான்யா. சொல்லிட்டு ஊட்டுக்கு வந்துரு. சாம்பார் வெச்சிகினு இருக்கேன்."

மேனேஜர் அறையில் விசாரணை. பட்டணத்திலிருந்து ஒரு வக்கீலை விசாரணை அதிகாரியாக உட்காரவைத்திருந்தார்கள். முதலில் என்னைக் கேட்டார்கள். சரக்கு உடைந்து வந்தது உண்மை என்றேன். கேட்காமலேயே, மீட்டர் கெட்டுக் கிடந்ததும் உண்மை, சரக்கு வந்த செவ்வாய்க்கிழமை இந்த மேனேஜரே அதை மறுக்கவில்லை, என் காதால் கேட்டேன் என்றும் சொன்னேன். மேனேஜர் என்னை முறைத்தார். முறைத்துக்கொள்ளட்டும். வக்கீல் அதையும் எழுதிக்கொண்டார். வேம்புலியின் பதிலை வாசித்தார். மஸ்டரைப் புரட்டினார். எனக்குத் தைரியம் வந்தது. வக்கீலுக்கே மேனேஜர் மேல் ஒரு சந்தேகம் விழுந்த மாதிரிதான் இருந்தது.

"சரி. நேரடியா ஒரே கேள்வி" என்றார். "நீங்க அந்த செக்ஷனுக்கு இன்சார்ஜா, இல்லையா?"

வேம்புலி வாயைத் திறந்தான். அப்போது மேனேஜர் எழுந்தார். ஒரு நாற்காலியை இழுத்து வேம்புலி பக்கத்தில் போட்டார்.

"உக்காருங்க மிஸ்டர் வேம்புலி."

கம்பெனியில் சேர்ந்த பதினாலு வருஷத்தில் அந்த அறையில் அவன் உட்கார்ந்தது கிடையாது. 'ங்க' போட்டு அவனை அங்கே ஒருத்தரும் கூப்பிட்டது கிடையாது. தயங்கித் தயங்கி நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"பயப்படாமச் சொல்லுங்க. ஒன்பது வருஷமா ஆறு பேரை வெச்சு அந்த செக்ஷனை நடத்தினது யாரு? இவ்வளவு நாள் ஒரு பீஸ் திரும்பி வராமப் பாத்துக்கிட்டது யாரு? நீங்க இல்லைன்னா வேற யாருன்னு சொல்லுங்க, எழுதிக்கலாம்."

நான் தொண்டையைக் கனைத்தேன். காலால் தரையைத் தட்டினேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. அவன் முதுகு நிமிர்ந்தது. அது நிமிரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நான்தான் சார்" என்றான். "நான்தான் இன்சார்ஜ்."

வக்கீல் பேனாவை நிறுத்தி, "யோசிச்சுச் சொல்றீங்களா? உங்க பதில்ல வேற மாதிரி இருக்கே" என்று கேட்டார். அந்த மனுஷன்கூட ஒரு வாசல் திறந்து காட்டினார்.

"அது அந்தம்மா அட்ச்சது சார். இன்சார்ஜ் நான்தான்."

மேனேஜர் உட்கார்ந்துவிட்டார். மரியாதை அதோடு தீர்ந்தது. வெளியே போகும்போது அவனுக்கு, "போப்பா" என்றுதான் சொன்னார்.

கேட்டுக்கு வெளியே வண்டிக்குப் பக்கத்தில் வைத்து நான் அவனைப் பேசின பேச்சை எழுத முடியாது. "நாயே, பொண்டாட்டி புள்ளைய நெனச்சியா? ஒரு நாற்காலி போட்டான், ஒரு மிஸ்டர் போட்டான், அதுக்கு சோத்துத் தட்டத் தூக்கிக் குடுத்துட்டியேடா! தூ!"

அவன் அழவில்லை. "இல்லன்னு சொன்னா, அந்த ஒம்போது வருசம் அங்க நான் இன்னாவா இருந்தேன் அண்ணாத்தே? மீட்டர் இல்லாம மூணு வாரம் ஓட்னனே, அது யாரு ஓட்னது?" என்று கேட்டான்.

"யாரா இருந்தா இன்னாடா? சம்பளம் வாங்கினவன்தான் ஓட்னான்."

"உனக்கு எல்லாத்துலயும்..." என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை. இன்று வரைக்கும் அவன் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. தெரியாததனால் அது நல்ல கேள்வி ஆகிவிடாது. வயிற்றைக் காயப்போடுகிற கேள்வி எதுவும் நல்ல கேள்வி இல்லை.

பத்தே நாளில் நீக்கல் உத்தரவு வந்தது. உத்தரவில் ஒன்பது இடத்தில் இன்சார்ஜ் என்று எழுதியிருக்கிறது என்று டீச்சர் எண்ணிச் சொன்னார். கடைசியில் பேப்பர் கிடைத்துவிட்டது அவனுக்கு.

அடுத்த திங்கள்கிழமை நான் லோடு எடுக்கப் போனபோது உலைக்கு முன்னால் ஒரு புதுப் பையன். கரையான்சாவடிக்காரனாம், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. சாவிக்கொத்தை விரலில் சுற்றிக்கொண்டு வந்து, "அண்ணாத்தே, இனிமே நான்தான் இங்க இன்சார்ஜ். லோடு விஷயம் எதுவா இருந்தாலும் என்கிட்ட பேசு" என்றான். கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். அவன் தலையில் இரண்டு போட்டு எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். மேனேஜர் மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் மூன்று வண்டி ஓட வேண்டும். "சரிங்க சார்" என்றேன். என் வாயிலிருந்து வந்த அந்த சார் எனக்கே நாறியது.

இரண்டு மாதம் வேம்புலி வீட்டை விட்டு வெளியே வரவில்லை. ஒருநாள் பொன்னியம்மா என் ஷெட்டுக்கு வந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"அண்ணாத்தே, அவருக்கு ஒரு வேலை குடு. எந்த வேலையா இருந்தாலும் சரி. பேரு மட்டும் ஒண்ணும் வெச்சிடாத."

மறுநாளே சேர்த்துக்கொண்டேன். என்னிடம் ஏழு வருஷம் இருந்தான். சரக்கு ஏற்றினான், இறக்கினான், வண்டி கழுவினான். நான் ஊரில் இல்லாத நாளில் மற்ற ஆட்கள் அவனைக் கேட்டுத்தான் எதையும் செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஒழுங்காகச் சம்பளம் கொடுத்தேன், தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுத்தேன், எவனும் என்னைக் குறை சொல்ல முடியாது. என் நோட்டில் எல்லார் பெயருக்கும் நேரே டிரைவர், கிளீனர் என்று வேலை எழுதியிருக்கும். அவன் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டிருந்தேன். மாதா மாதம் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்தான் கையெழுத்துப் போடுவான். ஏழு வருஷத்தில் ஒருநாள்கூட, அங்கே என்ன எழுதப் போகிறாய் என்று அவன் என்னைக் கேட்கவில்லை.